பாட்டி வீடு குழு: எந்தப் பீட்டர் முன்னால் படம்?

யாழினி: அப்பா, பட்டமளிப்பு முடிந்ததும் எல்லாரும் ரஷ்ய மன்னர் பீட்டர் சிலைக்கு வந்துவிடுங்கள். பாட்டி கேட்ட குடும்பப் படத்தை அங்கேயே எடுத்துவிடலாம்.

சுந்தர்: சரிம்மா.

கார்த்தி: எந்தப் பீட்டர்? பீட்டர்ஸ்பர்க் முழுக்க அவர்தான் நிற்கிறார்.

மீனா: கப்பல் மேல் நிற்பாரே, அவரா?

யாழினி: அது மாஸ்கோ, அத்தை. 98 மீட்டர், 1997இல் வைத்தது. தலைநகரை அங்கிருந்து இங்கே மாற்றியவருக்கு இவ்வளவு பெரிய சிலையா என்று அந்த ஊரில் பெரிய எதிர்ப்பு. நான் சொல்வது இங்கே கோட்டைக்குள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்.

வசந்தா: தலை சின்னதாக இருக்குமே, அதுவா? வேண்டாம்டி.

யாழினி: முகம் அவர் உயிரோடு இருந்தபோது எடுத்த அச்சைப் பார்த்துச் செய்தது, அம்மா. சிற்பி ஷெமியாகின் உடம்பைத்தான் நீட்டிவிட்டார். விரல்கள் மட்டும் பளபளவென்று இருக்கும், வருகிறவர்கள் எல்லாரும் தடவுகிறார்கள்.

நாகராஜன்: யாழினி, செனட் சதுக்கத்துக்கே கூட்டிப் போ. அங்கே குதிரை மேல் இருக்கும் பீட்டரைப் பார்த்துவிட்டு எல்லாரும் திரும்பிவிடுவார்கள். பார்க்க வேண்டியது குதிரைக்கு அடியில் இருக்கும் கல். லாக்தா என்ற இடத்தில் சதுப்பில் புதைந்து கிடந்தது, ஆயிரம் டன்னுக்கு மேல். தரை உறையட்டும் என்று பனிக்காலம் வரை காத்திருந்தார்கள். நம் ஊர்த் தேருக்காவது சக்கரம் உண்டு. இதற்குப் பள்ளமான தடம் போட்டு, அதில் உலோகக் குண்டுகளை வைத்து உருட்டினார்கள். மாடு, குதிரை எதுவும் கிடையாது, சுமார் 400 ஆட்கள்தான். கல் நகர நகர மேலே கல்தச்சர்கள் செதுக்கிக்கொண்டே போனார்கள்.

கார்த்தி: 👍 மாமா

மீனா: அண்ணா, மாத்திரை போட்டாயா?

நாகராஜன்: போட்டேன். இன்னொன்று. சிற்பி பால்கோனே 1766இல் பிரான்சிலிருந்து வந்தவர். தலையை வடித்தது அவருடைய மாணவி மரி ஆன் கொலோ. பால்கோனே சண்டை போட்டுக்கொண்டு 1778இல் ரஷ்யாவை விட்டே போய்விட்டார், 1782 திறப்பு விழாவில் இல்லை. கல்லில் பொறித்திருப்பது ‘முதலாம் பீட்டருக்கு இரண்டாம் கேத்தரின்’. கணவனை இறக்கிவிட்டு அரியணை ஏறிய ராணி, தன் பெயரைப் பீட்டர் பெயரோடு சேர்த்துவிட்டாள். பாடுபட்ட அந்த 400 பேரில் ஒருவர் பெயர்கூட அதில் இல்லை.

வசந்தா: ரஷ்யாவே வேண்டாம் என்று பந்தியில் பாதியில் எழுந்து போனவர் சொல்கிறார்.

சுந்தர்: வசந்தா, விடு.

நாகராஜன்: பிள்ளை தனியாகப் போகிறாளே என்றுதான் சொன்னேன். அவள் போன பிறகு அந்த ஊரைப் பற்றிப் படிக்காத நாள் இல்லை.

யாழினி: பெரியப்பா ❤️

மீனா: மாவடு கொண்டுவரலாமா? விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்களா?

கார்த்தி: அம்மா, சிலையைப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

யாழினி: சதுக்கத்தில் கல்யாண ஜோடிகள் கூட்டம் இருக்கும், படத்தில் யாராவது ஒரு மணப்பெண் வந்துவிடுவாள். கோட்டை ஆற்றுக்கு அந்தப் பக்கம். அங்கே போனால் நேரத்தோடு திரும்ப வேண்டும், நள்ளிரவுக்கு மேல் பாலங்களைத் தூக்கிவிடுவார்கள்.

வசந்தா: தூக்குவதையும் பார்க்க வேண்டும்.

சுந்தர்: அண்ணா சொன்ன இடத்துக்கே போகலாம். மழை வந்தால் பார்த்துக்கொள்வோம்.

மீனா: எந்தச் சிலையோ, என்னை ஓரத்தில் நிறுத்தாதீர்கள். காரைக்குடிக் கல்யாணப் படத்தில் எனக்குப் பாதி முகம்தான்.

யாழினி: பெரியப்பா, உங்கள் விசா என்ன ஆயிற்று?

நாகராஜன்: முழங்காலுக்கு வியாழக்கிழமை மருத்துவர் வரச் சொல்லியிருக்கிறார். அவர் சரி என்றால்தான்.

மீனா: மாவடுக்கு யாரும் பதில் சொல்லவில்லை.