கேரம் போர்டில் உந்தம் கூடிவிடுகிறது, எங்கே தப்பு?

ஃபாலோ_போடாதவன்
பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். செயல்திட்டத்துக்காக நேர்க்கோட்டு உந்த மாறா விதியை (மோதலுக்கு முன்னும் பின்னும் மொத்த உந்தம், அதாவது நிறை × திசைவேகம், ஒன்றே) வீட்டு கேரம் போர்டில் சரிபார்க்கிறேன். ஸ்ட்ரைக்கர் 15 கிராம், காய் 5 கிராம். போனில் ஸ்லோ மோஷன் எடுத்து, ஓரத்தில் ஒட்டிய ஸ்கேலை வைத்து வேகம் கணக்கிட்டேன். நேருக்கு நேர் பட்ட அடிகள் மட்டும்தான்.

மோதும் முன் ஸ்ட்ரைக்கர் 2 மீ/வி. மோதியபின் ஸ்ட்ரைக்கர் 1.3, காய் 2.9.
முன்: 15 × 2 = 30. பின்: 15 × 1.3 + 5 × 2.9 = 34.

ஐந்து தடவை எடுத்தும் பின்னால் வருவதுதான் கூடுதல். போதாததற்கு, சும்மா நின்ற காய் தன்னை அடித்த ஸ்ட்ரைக்கரை விட வேகமாக ஓடுகிறது! வீடியோவே தப்பா?

மொட்டைமாடி
உராய்வுதான் தம்பி. பவுடர் நன்றாகப் போட்டு மறுபடி எடு.

சாக்பீஸ்
உராய்வு உந்தத்தைக் குறைக்கும், கூட்டாது. அதுவும் மோதும் நேரம் ஒரு மில்லி செகண்டு என்றே வைத்தாலும் காயின் மீது சராசரியாக 14.5 நியூட்டன் விசை விழுகிறது. காயின் எடையே 0.05 நியூட்டன்தான். அந்த நேரத்துக்குள் பலகையின் உராய்வு ஒன்றும் செய்யாது.

காய் வேகமாகப் போவதில் தப்பில்லை. முழு மீட்சி மோதலில், அதாவது இயக்க ஆற்றல் குறையாத மோதலில், நெருங்கும் வேகமும் விலகும் வேகமும் சமம். 15, 5 கிராமுக்கு 2 மீ/வி-யில் அடித்தால் ஸ்ட்ரைக்கர் 1, காய் 3 என்று வரும். உங்களுடையதில் நெருங்கியது 2, விலகியது 1.6. விலகியதை நெருங்கியதால் வகுத்தால் வரும் மீட்சியளிப்பு குணகம் 0.8. நம்பக்கூடிய எண்தான்.

ஸ்கேல் தள்ளியிருந்தாலும் மூன்று வேகமும் ஒரே விகிதத்தில்தான் தப்பும், இரண்டு பக்கமும் சேர்ந்தே மாறும். ஆக மிச்சம் நிறைதான். கணத்தாக்கை, அதாவது மோதலில் ஏற்படும் உந்த மாற்றத்தை, வைத்துப் பாருங்கள்: காய் பெற்றது 5 × 2.9 = 14.5. அதே அளவை ஸ்ட்ரைக்கர் இழந்திருக்க வேண்டும். அது இழந்த வேகம் 0.7. 14.5-ஐ 0.7-ஆல் வகுத்தால் 20.7 கிராம். உண்மையைச் சொல்லுங்கள், ஸ்ட்ரைக்கரை எடை போட்டீர்களா?

ஃபாலோ_போடாதவன்
இல்லை சார். காய்களை மட்டும் பத்துப் பத்தாகப் போட்டேன். ஸ்ட்ரைக்கர் 15 என்று விதிமுறையில் பார்த்து எழுதிவிட்டேன்.

சாக்பீஸ்
விதிமுறையில் 15 என்பது உச்சவரம்பு. கடையில் விற்பதெல்லாம் அதற்குக் கட்டுப்பட்டதா என்ன?

மொட்டைமாடி
சரி, என் உராய்வை வாபஸ் வாங்குகிறேன். 😄

ஃபாலோ_போடாதவன்
அம்மாவின் கிச்சன் தராசில் போட்டேன்: 21 கிராம்! முன் 42, பின் 27.3 + 14.5 = 41.8. இயக்க ஆற்றலும் இப்போது 42 மில்லி ஜூலிலிருந்து 39 பக்கம் இறங்குகிறது. பழைய கணக்கில் அதுவும் 30-லிருந்து 33.7-க்கு ஏறியதை நான் பார்க்கவே இல்லை.

அப்புறம் ஒன்று. இது அண்ணன் யாரையும் தொடவிடாமல் வைத்திருக்கும் 'ராசியான' ஸ்ட்ரைக்கர். நாலு வருஷமாக வீட்டில் அவன்தான் ஜெயிக்கிறான். சாயங்காலம் வரட்டும்.