புதுப்பிப்பு: பாரம் ஏறினால் வானம் பார்க்கும் முகப்பு விளக்கு

பொள்ளாச்சியில் தேங்காய் ஏற்றும் சிறு சரக்கு வண்டியில், பின்பாரத்தால் விளக்கொளி மேலெழுந்து எதிரே வருபவர் கண்ணைக் கூசச்செய்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். இப்போது சாய்க்கக்கூடிய ரிஃப்ளெக்டர் (பல்பின் ஒளியை முன்னே திருப்பும் கிண்ணம்) தயார்.

பல்பை மட்டும் நகர்த்தச் சொன்னவர்களுக்கு: ரிஃப்ளெக்டரின் வடிவம் பரவளையம்; அதன் குவியத்தை, அதாவது ஒளி நேர்கற்றையாக வெளியேற பல்பு இருக்கவேண்டிய புள்ளியைவிட்டு, பல்பு விலகினால் ஒளிக்கற்றை சிதறிவிடும். அதனால் பல்பும் ரிஃப்ளெக்டரும் சேர்ந்தே சாய்கின்றன. ஒரு மூலையில் பந்து மூட்டு. மேல்கீழுக்கு ஒரு திருகு, இடவலத்துக்கு ஒன்று. கோவை கணபதி பகுதியில் ஒரு லேத் பட்டறையில் திருகுகளை நெருக்கமான மரையாக வெட்டி வாங்கினேன். அகன்ற மரை அதிர்வில் தானே சுழன்றுவிடும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மிச்ச ஆட்டத்தைச் சுருள்வில் இழுத்துப்பிடிக்கிறது.

10 மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில், தாழ்கற்றையின் (லோ பீம்) மேல் விளிம்பு விளக்கின் உயரத்தைவிட 10 செ.மீ. கீழே விழும்படி, பாரத்தோடு வைத்திருக்கிறேன். அடுத்து வால்பாறை மலைப்பாதை, 40 கொண்டை ஊசி வளைவுகள். திருகு நகர்கிறதா என்று பார்க்க மரையில் பெயின்ட் கோடு போட்டாயிற்று.