உதவி: ஜிபிஆர்ல சுவரே தெரியல, எல்லாம் படுக்கைக் கோடு (அவசரம்)

திடல்தேடி: வணக்கம். வைகைக் கரையோரம் ஒரு வயல்ல ஜிபிஆர் (மண்ணுக்குள்ள ரேடியோ அலை அனுப்பிப் பாக்குற ரேடார்) ஓட்டுறோம். பக்கத்துத் திடல்ல கருப்பு-சிவப்புப் பானை ஓடு நிறையக் கிடைக்குது. கீழ செங்கல் கட்டுமானம் இருக்கும்னு நம்புறோம். ஆனா திரையில படுக்கைக் கோடு மட்டும்தான், அதுக்குக் கீழ வெறும் இரைச்சல். மெஷின் கோளாறா? நாளன்னிக்குத் திருப்பிக் கொடுக்கணும்.

வண்டல்: என்ன ஆன்டெனா? என்ன மண்ணு? நீங்க ஓட்டுற தடத்துக்குத் தடம் எவ்வளவு இடைவெளி?

காந்தப்பெட்டி: ஜிபிஆரை மூட்டை கட்டுங்க. மேக்னட்டோமீட்டர் (காந்தப் புலம் அளக்குற கருவி) எடுங்க. சுட்ட செங்கல், சூளை, இரும்பு உலை எல்லாம் பளிச்சுனு தெரியும்.

நெல்லைக்காரன்: ஐரோப்பாக்காரங்க போடுற படம் மாதிரி இங்க வராதுங்க. காந்த நடுக்கோடு நம்ம தெற்கு முனையை ஒட்டிப் போகுது. புவிக்காந்தப் புலம் இங்க கிட்டத்தட்டப் படுக்கை. சூளைக்கு நேர் மேல மதிப்பு ஏறாது, இறங்கும். அது தெரியாம ஏறின மதிப்பைத் தேடினா சூளையைத் தாண்டி நடந்துடுவீங்க. பக்கத்துல பம்ப்செட், கம்பிவேலி இருந்தா அதுவும் போச்சு.

பழையோடு: 2013-14ல வைகை நெடுக 293 இடம் கண்டுபிடிச்சாங்க தம்பி. ஊர் ஊரா நடந்து, ஓடு பொறுக்கி, ஆடு மேய்க்கிறவங்ககிட்ட விசாரிச்சு. கீழடியும் அதுல ஒண்ணு. இப்ப உள்ளவங்களுக்குக் குனியவே மனசு வரல.

திடல்தேடி: 400 மெகாஹெர்ட்ஸ். களிமண். போன வாரம் தண்ணி பாய்ச்சியிருக்காங்க.

வண்டல்: அதை முதல்லயே சொல்ல வேண்டாமா! ஈரக் களியில அலை ஒரு மீட்டர் தாண்டுறதே பெரும்பாடு. கோடு எல்லா இடத்துலயும் ஒரே ஆழத்துல வந்தா ஆன்டெனாவோட சொந்த அதிர்வு. பேக்ரவுண்ட் ரிமூவல் (எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி வர்றதைக் கழிக்கிறது) போடுங்க, போயிடும். லேசா ஏறி இறங்கினா ஏருக்குக் கீழ இறுகின தட்டு. டைஎலக்ட்ரிக் (மண்ணுல அலை எவ்வளவு மெதுவாப் போகும்னு சொல்ற எண்) எவ்வளவு வச்சிருக்கீங்க? 9னு விட்டிருந்தா ஆழமும் தப்பு. ஈரக் களிக்கு 25 வாக்குல வைக்கணும். திரையில 1.5 மீட்டர்னு காட்டுறது நிஜத்துல 90 சென்டிமீட்டர்தான்.

ஏர்க்கால்: ஒரு மீட்டர் குழி போட்டுப் பாத்துட்டா முடிஞ்சுது.

வண்டல்: தொல்லியல் துறை அனுமதி இல்லாம மண்வெட்டி வைக்காதீங்க, சட்டச் சிக்கல். ரெசிஸ்டிவிட்டி (மண்ணோட மின்தடையை அளக்குறது) பண்ணுங்க. ஜிபிஆர் திணறுற ஈர மண்ணுல அது நல்லா வேலை செய்யும், செங்கல் சுவர் கூடுதல் தடையாத் தெரியும்.

ஏர்க்கால்: வயலுக்கே இந்தப் பாடு, பூம்புகார்க் கடல்ல 23 மீட்டர் ஆழத்துல லாட வடிவக் கட்டடம் எப்படிக் கண்டுபிடிச்சாங்க?

நீரோட்டம்: சைட் ஸ்கேன் சோனார், ஒலி அலை அனுப்பிப் பாக்குற கருவி. அது கடல்தரையோட உருவத்தைக் காட்டும், மனுசன் கட்டுனதா இயற்கையானு சொல்லாது. மண்ணுக்குள்ள புதைஞ்சிருந்தா, தரைக்குக் கீழயும் ஒலி ஊடுருவுற சப்-பாட்டம் ப்ரொஃபைலர் வேணும். கடைசியில ஆள் முங்கிப் பாக்கணும்.

ஏர்க்கால்: அப்ப குஜராத் பக்கம் காம்பே வளைகுடாவுல முங்கிக் கிடக்குற நகரம்? 2001லயே அறிவிச்சாங்களே, அப்புறம் 9500 வருசம்னும் சொன்னாங்களே!

நீரோட்டம்: சோனார்ல கட்டம் கட்டமாத் தெரிஞ்சுது. பொருள் எடுத்தது கடல்தரையை வாரி. அந்த வளைகுடாவுல ஓதம் அவ்வளவு வேகம், ஆறு கொண்டு வந்து போட்டதும் அதுல கலந்திருக்கும். வயசு கணிச்சது ஒரு மரத்துண்டுக்கு. மரத்தோட வயசு ஊரோட வயசு ஆகாது.

ஏர்க்கால்: நம்ம பெருமைன்னாலே உங்களுக்கெல்லாம் ஆதாரம் பத்தாது.

நீரோட்டம்: பூம்புகார்ப் பெருமைக்குக் கீழையூர்ல 1960கள்ல தோண்டி எடுத்த செங்கல் படகுத்துறை போதும். அது கைக்கு எட்டுற ஆதாரம்.

பழையோடு: அதையும் சோனார் கண்டுபிடிக்கல.

திடல்தேடி: ஜியாலஜி துறையில ரெசிஸ்டிவிட்டி மீட்டர் கிடைச்சுது. வடமூலையில நேர்கோடா தடை கூடுது, ஆறேழு மீட்டர் நீளம். எல்லாருக்கும் நன்றி.

பழையோடு: பழைய வரப்பா இருக்கும். புலப்படம் வாங்கிப் பாத்தீங்களா?