புதுப்பிப்பு: கார் இல்லாமல் ஷினோன் பயணம்

பிரான்சின் தூர் நகரில் தங்கியபடி, வியென் ஆற்றங்கரையிலுள்ள ஷினோனுக்குக் கார் இல்லாமல் ஒரே நாளில் போய்வர முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். தாராளமாக முடியும். ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஆனால் வண்டிகள் அடிக்கடி இல்லாததால், திரும்பும் நேரத்தை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

கோட்டைக்கு அரை நாள் ஒதுக்கச் சொன்னவருக்கு நன்றி. ஆற்றுக்கு மேலே நீண்ட பாறை முகட்டில், அகழிகளால் மூன்றாகப் பிரிக்கப்பட்டு நிற்கும் அக்கோட்டையில்தான் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றி 1189-இல் இறந்தார். 1308-இல் டெம்ப்ளர் வீரத்துறவிகளின் தலைவர்கள் அங்குள்ள கூத்ரே கோபுரத்தில் சிறைவைக்கப்பட்டனர். 1429-இல், இன்னும் முடிசூட்டப்படாதிருந்த பிரான்சின் ஏழாம் சார்லஸைச் சந்திக்க வீராங்கனை ஜோன் ஆஃப் ஆர்க் வந்ததும் அங்கேதான். அவர்கள் சந்தித்ததாகக் கூறப்படும் பெருமண்டபத்தில் இன்று ஒரு சுவரும், தளம் இடிந்துபோனதால் அந்தரத்தில் நிற்கும் கணப்படுப்பும்தான் எஞ்சியுள்ளன. எனக்கு, புதுப்பிக்கப்பட்ட அரச மாளிகையைவிட இந்தச் சிதைவே பிடித்திருந்தது.

கீழே பழைய ஊர் சிறியது. மரச்சட்ட வீடுகளும் வெண்ணிறச் சுண்ணக்கல் வீடுகளும் நிறைந்த அதன் தெருக்களைச் சாவகாசமாக நடந்தே பார்த்துவிடலாம். கட்டடக் கல்லுக்காகக் குன்றைக் குடைந்த சுரங்கங்களில் இப்போது கபர்னே பிரான் திராட்சையின் சிவப்பு ஒயின் முதிர்கிறது. வியாழக்கிழமை சந்தை நாள். கோட்டை முழுதும் தெரியும்படி படம் எடுக்க, பாலத்தைக் கடந்து எதிர்க்கரைக்குச் செல்லுங்கள்.