பெர்ரி மேசன் கதை எழுதினவரு ஆள் வெச்சு எழுதினாரா?

பரண்_புத்தகம்:
எல்லாருக்கும் வணக்கம். ஊர்ல தாத்தா வீட்டு பரண்ல ஒரு அட்டைப்பெட்டி நிறைய பழைய பெர்ரி மேசன் புக் (பெர்ரி மேசன்ங்கிற வக்கீல் ஹீரோவா வர்ற துப்பறியும் கதைங்க) கிடைச்சுது, ஒரு மாசமா அதுலயேதான் இருக்கேன், ஏழு முடிச்சாச்சு. அதை எழுதின அமெரிக்க எழுத்தாளர் எர்ல் ஸ்டான்லி கார்ட்னர் பெர்ரி மேசன் மட்டுமே 80க்கு மேல எழுதியிருக்காராம், அதுபோக ஏ.ஏ.ஃபேர்ங்கிற பேர்ல பெர்த்தா கூல், டொனால்ட் லாம்னு ரெண்டு துப்பறியறவங்க கதைங்க வேற. எங்க மாமா சொல்றாரு ஒரு மனுஷனால இது முடியாது, ஆள் வெச்சு எழுத வெச்சிருப்பாருன்னு. உண்மையா?

ராத்திரி_வாசகர்:
மாமா சொல்றது தப்பு தம்பி. அவரு வாயால சொல்லுவாரு, செக்ரட்டரிங்க டைப் அடிப்பாங்க, அவ்ளோதான், கதை முழுக்க அவரோடதுதான். முதல்ல அவரு வக்கீல், அதை மறக்கக்கூடாது. லா காலேஜ்ல சுமாரா ஒரு மாசம்தான் இருந்தாரு, வக்கீல் ஆபீஸ்ல வேலை பாத்துக்கிட்டே தானா படிச்சு 1911ல கலிஃபோர்னியால பார் எக்ஸாம் பாஸ் பண்ணாரு. அங்கயே ஆக்ஸ்னார்ட்ங்கிற ஊர்ல சீனாக்காரங்களுக்காக நிறைய கேஸ் நடத்தினாரு, அப்ப அவங்களுக்காக நிக்க ஆளே கம்மி. எழுத ஆரம்பிச்ச புதுசுல பகல்ல கோர்ட், ராத்திரி ரெண்டு விரலால அவரே டைப்ரைட்டர். பிளாக் மாஸ்க்ங்கிற துப்பறியும் கதை பத்திரிகைக்கு அனுப்பின ஒரு கதை திரும்பி வந்தப்ப, அது எவ்ளோ மோசம்னு பத்திரிகை ஆபீஸ்ல உள்ளுக்குள்ள எழுதிக்கிட்ட குறிப்பு தவறுதலா கூடவே வந்துடுச்சு. வேற ஆளா இருந்தா பேனாவை மூடி வெச்சிருப்பான். இவரு அதையே பாடமா எடுத்துக்கிட்டு மூணு ராத்திரி உக்காந்து மொத்தத்தையும் திருத்தி, விரல் புண்ணாகி, திரும்ப அனுப்பினாரு. 1923ல அச்சுல வந்துச்சு. எனக்கு அவரோட 80 நாவலை விட இந்த மூணு ராத்திரிதான் பெருசா தெரியுது.

மயிலை_ரவி:
அண்ணன் சொன்னதோட இதையும் சேத்துக்கோங்க, வருஷத்துக்கு 12 லட்சம் சொல்னு தனக்குத்தானே கணக்கு வெச்சிருந்தாரு. ஒரு நாவல் 60,000 சொல்னு வெச்சா 20 நாவல் அளவு! பல்ப் பத்திரிகைல (மட்டமான பேப்பர்ல வர்ற மலிவு விலை கதை பத்திரிகை) சொல்லுக்கு இவ்ளோ சென்ட்னுதான் காசு. அட்டைல சக்கரம் மாதிரி வெட்டி வெச்சிருப்பாரு, ஒண்ணுல ஹீரோவுக்கு வர்ற சிக்கல், ஒண்ணுல இடைஞ்சல் பண்ற ஆளுங்க, ஒண்ணுல தப்பான துப்பு, சுத்தி விட்டா எது வருதோ அதுல இருந்து கதை பிடிப்பாரு. அதனாலதான் பத்து படிச்சா ஒரே வாசனை அடிக்குதுன்னு நான் நினைக்கிறேன்.

ராத்திரி_வாசகர்:
ரவி, சக்கரம் கரு மட்டும்தானே குடுக்கும். குறுக்கு விசாரணைல சாட்சி எங்க தடுமாறுவான்ங்கிறது கோர்ட்ல நின்னவனுக்குத்தான் தெரியும். கடைசி சீன் கோர்ட்ல வர்றப்ப பக்கம் பறக்குறது அதனாலதான்.

வக்கீல்_அக்கா:
நான் இந்தத் தொழில்ல இருக்கேன், அதனால ஒண்ணு சொல்லணும். 1948ல ஆர்கஸி பத்திரிகையோட சேந்து 'கோர்ட் ஆஃப் லாஸ்ட் ரிசார்ட்'னு ஒண்ணு ஆரம்பிச்சாரு. தப்பா தண்டனை வாங்கி உள்ள இருக்கறவங்க கேஸை தடயவியல் டாக்டர், துப்பறியறவங்கன்னு நிபுணர்களை வெச்சு திரும்ப நோண்டுறது. புகழோட உச்சில இருக்கற ஒருத்தரு, மணிக்கணக்கு காசா மாறுற நேரத்துல, யாருன்னே தெரியாத கைதிங்களுக்காக உக்காந்து ஃபைல் படிச்சிருக்காரு. அதைப் பத்தி எழுதின புத்தகத்துக்கு எட்கர் அவார்டும் (அமெரிக்காவுல துப்பறியும், குற்ற எழுத்துக்குக் குடுக்கற விருது) கிடைச்சுது. பெர்ரி மேசன் தன் கட்சிக்காரரை கடைசி வரைக்கும் கைவிடாம நிக்குறாருல்ல, அது எழுதினவரோட சொந்த குணம்னுதான் நான் நம்புறேன்.

பரண்_புத்தகம்:
ரொம்ப நன்றி அக்கா, அண்ணா, ரவி ப்ரோ. மாமாகிட்ட இதை அப்படியே காட்டப்போறேன். முதல் பெர்ரி மேசன் எதுன்னு சொல்லுங்க, வரிசையா படிக்கணும்.

ராத்திரி_வாசகர்:
'தி கேஸ் ஆஃப் தி வெல்வெட் க்ளாஸ்', 1933. பெட்டியில இருக்கான்னு பாருங்க. அதுல மேசன் கொஞ்சம் முரடனா இருப்பாரு, பயந்துடாதீங்க, போகப் போக சரியாயிடுவாரு.

பரண்_புத்தகம்:
இருக்கு அண்ணா! அட்டை இல்ல, முதல் பக்கத்துல தாத்தா கையெழுத்து இருக்கு. இன்னிக்கு ராத்திரியே ஆரம்பிக்கிறேன்.