பாத்தேர் நோஸ்தேர் பாடி மாட்டிக்கொண்ட கதை

ஞாயிறு வாசகர்

கத்தோலிக்கக் கோயில்களில் முன்பு இலத்தீனில் நடந்த பழைய முறைத் திருப்பலிக்கு (பூசைக்கு) முதன்முதலாகப் போய்வந்தவர்களும், பழையது மாறிப் புதியது வந்த நாட்களை நேரில் பார்த்தவர்களும் இங்கே எழுதுங்கள். எது சரி, எது தப்பு என்ற சண்டை வேண்டாம். பார்த்ததைச் சொன்னால் போதும். நானே ஆரம்பிக்கிறேன்.

நான் மக்கள் மொழிப் பூசைக்கு வழி திறந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு (1962–65) பிறகு பிறந்தவன். பங்கில் பதினைந்து வருடமாக வாசகம் வாசிக்கிறேன். போன வருடம் ஒரு நண்பர், 1962ஆம் ஆண்டுத் திருப்பலிப் புத்தகப்படி நடக்கும் பாடல் பூசைக்கு என்னைக் கூட்டிப்போனார். எனக்கு ஒரே ஒரு தைரியம்: பாத்தேர் நோஸ்தேர், அதாவது ‘எங்கள் தந்தையே’ செபம், இலத்தீனில் மனப்பாடம். குரு எடுத்ததும் நானும் கணீரென்று சேர்ந்துகொண்டேன். இரண்டாவது வரி தாண்டிய பிறகுதான் கோயில் முழுக்க அவர் குரலும் என் குரலும் மட்டும் கேட்பது உறைத்தது. முன்வரிசைக் குழந்தை ஒன்று திரும்பி என்னையே பார்த்தது. அந்த முறையில் குருதான் தனியாகப் பாடுவாராம். மக்களுக்குக் கடைசி வரி மட்டும்: ‘செத் லிபெரா நோஸ் ஆ மாலோ’. அது வந்தபோது வெட்கத்தில் வாயை மூடியிருந்தேன், ஆகவே அதையும் விட்டேன்.

நன்மை (நற்கருணை அப்பம்) வாங்கப் போனபோது அடுத்தது. கிராதியில் முழந்தாளிட்டு வழக்கம்போல் கையை நீட்டினேன். பீடச்சிறுவன் மெதுவாகத் தட்டை என் தாடைக்கு அடியில் கொண்டுவந்தான். சரி என்று நாவில் வாங்கிக்கொண்டு ‘ஆமென்’ என்றேன். அதுவும் தப்பு. ‘நம் ஆண்டவர் இயேசு கிறிஸ்துவின் திருவுடல் உன் ஆன்மாவை நித்திய வாழ்வுக்குக் காப்பதாக, ஆமென்’ என்று ஆமெனையும் சேர்த்துக் குருவே சொல்லிமுடித்துவிடுகிறார். வாங்குபவர் வாங்கினால் போதும்.

ஆனால் மனதில் நின்றது வேறு. சாங்துஸ் (‘தூயவர், தூயவர்’) பாடல் முடிந்தது, அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. அப்பத்தையும் இரசத்தையும் அர்ச்சிக்கும் நற்கருணை மன்றாட்டு முழுவதையும் குரு வாய்க்குள்ளேயே சொல்கிறார். கையிலிருந்த புத்தகத்தில் அவர் எந்தப் பக்கத்தில் இருக்கிறார் என்று தேடினேன், பிடிபடவில்லை, மூடிவைத்தேன். மணி அடித்தது. அத்தனை பேர் இருந்தும் ஒரு இருமல்கூட இல்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

வாசகன் என்ற முறையில் ஒரு குறையும் உண்டு. நிருபத்தை (திருத்தூதர் கடித வாசகத்தை) பீடத்தைப் பார்த்தபடியே இலத்தீனில் பாடினார்கள். அப்புறம் பிரசங்கத்துக்கு முன் அதையே மக்கள் மொழியில் மறுபடி வாசித்தார்கள். முதலிலேயே இப்படி வாசித்திருக்கலாமே என்று தோன்றியது.

பழைய பீடச்சிறுவன்

எனக்கு 79 வயது. எட்டு வயதில் பீடத்துக்கு வந்தவன். ‘இந்த்ரோயீபோ ஆத் ஆல்தாரே தேயி’ (கடவுளின் பீடத்திடம் செல்வேன்) என்று சாமியார் சொன்னால், ‘என் இளமையை மகிழ்விக்கும் கடவுளிடம்’ என்று நாங்கள் இலத்தீனில் பதில் சொல்ல வேண்டும். எட்டு வயதுப் பையனுக்கு இளமை என்றால் என்ன தெரியும்? ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாது, ஆனால் ஒரு எழுத்து பிசகினால் காது திருகப்படும். ‘சூஷிப்பியாத்’ (ஆண்டவர் பலியை ஏற்றுக்கொள்வாராக) என்று தொடங்கும் நீளமான பதில்தான் எங்கள் எல்லாருக்கும் எமன். பாதிப் பையன்கள் முதல் சொல்லையும் கடைசிச் சொல்லையும் மட்டும் உரக்கச் சொல்லிவிட்டு நடுவில் முணுமுணுப்பார்கள்.

தம்பி, நீங்கள் பார்த்ததைப் ‘பழைய பூசை’ என்கிறீர்கள். நான் பிறந்தபோது இருந்தது அதுவும் இல்லை. 1955இல் பாஸ்காத் திருவிழிப்பை, அதாவது உயிர்ப்பு ஞாயிற்றுக்கு முந்திய இரவு வழிபாட்டை, சனிக்கிழமை காலையில் செய்தோம். நல்ல வெயில். பாஸ்காத் திரியை ஏற்றிக்கொண்டு உள்ளே வந்தால் சுடர் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. அந்த வெளிச்சத்தில் நின்றுகொண்டு சாமியார் ‘இதுவே அந்த இரவு, இதுவே அந்த இரவு’ என்று பாடுவார். எங்களில் யாருக்கும் அது வேடிக்கையாகத் தோன்றவில்லை, ஏனென்றால் யாருக்கும் புரியவில்லை. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) புனித வாரத்தைத் திருத்தியதால் அடுத்த வருடமே அது இரவுக்குப் போனது. சங்கம் கூடுவதற்கு ஆறு வருடம் முன்பே இது நடந்தது. 1962இல் திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான் நற்கருணை மன்றாட்டில் சூசையப்பர் பெயரைச் சேர்த்தார். அதுவரை அந்த மன்றாட்டில் யாரும் கை வைக்க முடியாது என்றுதான் நினைத்திருந்தோம்.

உபவாசத்தையும் சொல்ல வேண்டும். நள்ளிரவிலிருந்து தண்ணீர்கூடக் கூடாது. பல் துலக்கும்போது ஒரு வாய் உள்ளே போய்விட்டதென்று என் அண்ணன் நன்மைக்குப் போகாமல் நின்றது நினைவிருக்கிறது. 1953இல் தண்ணீரை விட்டுவிட்டார்கள், 1957இல் மூன்று மணி நேரம், 1964இல் ஒரு மணி நேரம் என்று ஆயிற்று.

நம் மொழியில் முதல் பூசை நடந்த அன்று என் அம்மா வெளியே வந்து கேட்டது: “இத்தனை வருசமா சாமியார் இதைத்தான் சொல்லிக்கிட்டு இருந்தாரா?” பாட்டி ஒன்றும் கேட்கவில்லை. முன்பு போலவே பூசை முழுக்கச் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். சாகும்வரை அப்படித்தான்.

ஆல்ட்டோ குரல்

பாடகற்குழுவில் இருக்கிறேன். கிரகோரியன் இசையில் (பழைய இலத்தீன் கோயில் இசையில்) சாங்துஸும் ஆஞ்ஞுஸ் தேயியும் (கடவுளின் செம்மறியே) மாதம் ஒருமுறை பாடிவந்தோம். புதிதாக வந்த பங்குத்தந்தை, “சங்கம் இலத்தீனை எடுத்துவிட்டது, இனி வேண்டாம்” என்றார். எனக்குக் கோபம். 1963 டிசம்பர் 4இல் வந்த திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டை எடுத்துப்போய்க் காட்டினேன். 2147 ஆயர்கள் ஆதரித்து, வெறும் 4 பேர் எதிர்த்த ஏடு அது. 36ஆம் எண் இலத்தீனைக் காப்பாற்றச் சொல்கிறது, கூடவே மக்கள் மொழிக்கும் இடம் தருகிறது. 54ஆம் எண், மக்கள் தங்களுக்குரிய பகுதிகளை இலத்தீனிலும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது. 116ஆம் எண், கிரகோரியன் இசைக்கு முதலிடம் என்கிறது. அவர் 116ஐ நிதானமாகப் படித்தார். ‘மற்றவை சமமாக இருந்தால்’ என்று அதில் ஒரு துண்டு இருக்கிறது, அதில் விரலை வைத்தார். “இங்கே மற்றவை சமமாக இல்லையே.”

வீட்டுக்கு வந்து மேலும் படித்ததில் எனக்கே ஒரு குட்டு. கிரகோரியன் இசையைத் தூக்கிநிறுத்திய திருத்தந்தை பத்தாம் பத்திநாதரின் 1903 ஆணை, கோயில் பாடகற்குழுவில் பெண்கள் கூடாது என்றது. அந்த ஆணையை அப்படியே வைத்திருந்தால் சாங்துஸுக்காக நான் சண்டை போட்டிருக்கவே முடியாது. இப்போது பெரிய திருநாட்களில் மட்டும் பாட அனுமதி வாங்கியிருக்கிறோம்.

இரண்டு மரபு வீடு

என் மனைவி பிசாந்திய முறைக் கத்தோலிக்கர், அதாவது திருத்தந்தையோடு ஒன்றித்த கிழக்கு மரபுத் திருச்சபையைச் சேர்ந்தவர். அங்கே குரு மக்களுக்கு முதுகு காட்டிக் கிழக்கு நோக்கியே நிற்கிறார், புளித்த அப்பம், நன்மை கரண்டியில். எல்லாம் மக்கள் மொழியில்! நம்மவர்கள் ‘இலத்தீன் என்றால் முதுகு காட்டுவது, தாய்மொழி என்றால் முகம் காட்டுவது’ என்று ஒரு பொட்டலமாகக் கட்டிவைத்திருக்கிறார்கள். முதல் நாள் அங்கே போனதும் எனக்கு அந்தப் பொட்டலம் அவிழ்ந்துபோயிற்று. சங்க ஏட்டில் குரு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று ஒரு வரியும் இல்லை. மக்களைப் பார்த்தும் நடத்த வசதியாகப் பீடத்தைச் சுவரிலிருந்து தள்ளிக் கட்டச் சொன்னது 1964இல் வந்த செயல்முறை அறிவுரைதான்.

ஞாயிறு வாசகர்

பெரியவருக்கு நன்றி. வெயிலில் ‘இதுவே அந்த இரவு’ என்பதைப் படித்துவிட்டு வெகுநேரம் சிரித்தேன்.

நான் போன அந்தப் பூசை இப்போது அங்கே இல்லை. 2021 ஜூலையில் திருத்தந்தை பிரான்சிஸ் பழைய முறைக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகும் கொஞ்ச காலம் நடந்தது, அப்புறம் நிறுத்திவிட்டார்கள். என் நண்பர் இரண்டு மணி நேரம் பயணம் செய்து வேறு இடத்துக்குப் போகிறார். எனக்கு அந்த முறை வேண்டும் என்றில்லை, ஆனால் அவர் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. கடைசி ஞாயிறு நானும் அவரோடு போயிருந்தேன். இந்தத் தடவை பாத்தேர் நோஸ்தேரில் வாயைத் திறக்கவில்லை, கடைசி வரியைச் சரியாகப் பிடித்துவிட்டேன்.

ஐயா, அந்த ‘சூஷிப்பியாத்’ இப்போதும் முழுசாக வருமா?

பழைய பீடச்சிறுவன்

வரும். ‘நோஸ்த்ராம்’ வரைக்கும் ரயில் மாதிரி ஓடும். அடுத்த சொல் ‘தோத்தியுஸ்குவே’. அதில் மட்டும் இன்றைக்கும் முணுமுணுப்புதான்.