யுகேவில் பிளேஸ்மென்ட் இயருக்காக ஸ்டூடண்ட் விசா எடுத்தவங்க அனுபவம் சொல்லுங்க

பொருநை

வருஷா வருஷம் ஜூன், ஜூலை வந்தா வாட்ஸ்அப் குரூப்ல இதே கேள்விதான். "ஒரு வருஷ எம்எஸ்சிக்கு வந்தேன், ஒரு கம்பெனில வருஷம் முழுக்க பிளேஸ்மென்ட் தர்றாங்க, விசாவுக்கு என்ன பண்றது?" பிளேஸ்மென்ட்னா படிப்போட பகுதியா ஒரு கம்பெனில வேலை பாக்கறது. ஆளாளுக்கு ஒண்ணு சொல்லி, கேட்டவங்களைக் குழப்பி அனுப்பிடறாங்க. நான் நியூகாசில்ல இதைப் பண்ணி முடிச்சவ. 2023 செப்டம்பர்ல வந்தேன், டேட்டா சயின்ஸ். எனக்கு நடந்ததைச் சொல்றேன், நீங்களும் உங்க கதையைக் கீழ போடுங்க.

கம்பெனி குடுத்த ஆஃபர் லெட்டரைக் காட்டி ஹோம் ஆபீஸ்ல (விசா குடுக்குற யுகே உள்துறை) கேக்குற விசா இல்ல இது. ஸ்பான்சர் (விசாவுக்குப் பொறுப்பேத்துக்கறவங்க) யூனிவர்சிட்டிதான். கம்பெனிக்கு ஸ்பான்சர் லைசன்ஸ் இருக்கணும்னு கூட அவசியம் இல்ல. அந்த வேலை உங்க படிப்போட ஒரு பகுதியா இருக்கணும், அதுக்கு மதிப்பீடு இருக்கணும், டிகிரி படிப்புன்னா மொத்தக் காலத்துல பாதிக்கு மேல போகக் கூடாது. ஒரு வருஷ எம்எஸ்சில ஒரு வருஷ வேலையை எப்படி நுழைக்க முடியும்? அதனாலதான் யூனிவர்சிட்டி உங்களை ரெண்டு வருஷ "வித் பிளேஸ்மென்ட்" கோர்ஸுக்கு மாத்துது. மாத்தினா முடிவுத் தேதி தள்ளிப் போகுது, அதுக்கு புது கேஸ் (CAS, விசாவுக்காக யூனிவர்சிட்டி தர்ற சேர்க்கைச் சான்று), புது விசா.

ஆனா எல்லா கோர்ஸுக்கும் அந்த ரெண்டு வருஷ வடிவம் கிடையாது. என் ரூம்மேட்டுக்கு என்னைவிட நல்ல ஆஃபர் வந்துச்சு. டிபார்ட்மென்ட்ல போய்க் கேட்டா, இந்தப் படிப்புல பிளேஸ்மென்டே இல்லம்மான்னு சொல்லிட்டாங்க. அழுது பாத்தா, கம்பெனியை விட்டு மெயில் போடச் சொல்லிப் பாத்தா, ஒண்ணும் நடக்கல. ஆஃபரை விட வேண்டியதாப் போச்சு. அப்ளை பண்றதுக்கு முன்னாடியே கோர்ஸ் லீடர்கிட்ட இதைக் கேட்டுடுங்க.

எனக்கு விசா சுலபம், அதுக்கு முன்னாடி நடந்ததுதான் ஆளைக் கொன்னுச்சு. பிளேஸ்மென்ட் ஆபீஸ் வேலை விவரத்தைக் கேட்டாங்க. கம்பெனி அனுப்பினதுல பாதிக்கு மேல கஸ்டமர் சப்போர்ட், கடைசி வரில போனாப் போகுதுன்னு "டேட்டா" இருந்துச்சு. படிப்புக்குச் சம்பந்தமில்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. மேனேஜர் நல்ல மனுஷன், நிஜமாவே நான் என்ன பண்ணப் போறேன்னு உக்காந்து திரும்ப எழுதித் தந்தார். அப்புறம் பாதுகாப்பு படிவம், இன்சூரன்ஸ் விவரம், மூணு பேர் கையெழுத்து. ஒருத்தர் லீவுல இருந்தா இன்னொருத்தருக்குப் பொறுப்பு இல்ல. ஆகஸ்ட் மாசமே இதுல போச்சு. கேஸ் வந்ததும் தேதிகளை ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பாருங்க. விசா எவ்வளவு நாளுக்குன்னு அதை வச்சுத்தான் கணக்குப் போடுவாங்க.

ஏரோஸ்பேஸ், மெக்கானிக்கல், மெட்டீரியல்ஸ் மாதிரி சில படிப்புக்காரங்களுக்கு ஏடாஸ் (ATAS, பாதுகாப்பு சம்பந்தமான படிப்புக்கு அரசாங்கம் தர்ற அனுமதி) சான்றிதழும் வேணும். வரும்போது வாங்கினது இருக்கேன்னு இருந்துடாதீங்க, முடிவுத் தேதி மூணு மாசத்துக்கு மேல தள்ளிப் போனா புதுசு எடுக்கணும். காசு கிடையாது, வாரக்கணக்குல ஆகும்.

பேங்க் பேலன்ஸ் பத்தி ஒரு சீனியர் அண்ணா சொன்னது பெரிய உதவி. விண்ணப்பிக்கிற தேதிக்கு நீங்க யுகேல முறையான விசால 12 மாசம் முடிச்சிருந்தா, செலவுக்குப் பணம் இருக்குன்னு காட்டத் தேவையில்ல. அதனால செப்டம்பர் கடைசி வரைக்கும் பொறுத்து அப்ளை பண்ணினேன். முன்னாடியே போட்டிருந்தா அப்பா மறுபடி யார் யார்கிட்டயோ கைமாத்து வாங்கி 28 நாள் அக்கவுண்ட்ல வச்சிருந்திருக்கணும். டிபி டெஸ்ட்டும் இல்ல, இங்கிருந்தே போடறதால. விசா ஃபீஸ் அப்போ 490 பவுண்டு (2025 ஏப்ரல்ல 524 ஆச்சு). ஹெல்த் சர்சார்ஜ் (அரசு மருத்துவத்துக்காக விசாவோட கட்டுறது) வருஷத்துக்கு 776, ஆறு மாசத்துக்கு உள்ள வர்ற மிச்சத்துக்கு அதுல பாதி. எனக்கு 1,164 வந்துச்சு. ஃபீஸைவிட இதுதான் வயித்துல அடிக்கும்.

போன்ல ஆப் வச்சு பாஸ்போர்ட் சிப்பை ஸ்கேன் பண்ணினதோட சரி, எங்கயும் நேர்ல போகல. சாதாரணமா எட்டு வாரம்னு சொல்வாங்க, எனக்கு அதுக்குள்ளயே வந்துடுச்சு. 500 பவுண்டு கூடக் கட்டினா அஞ்சு வேலை நாள். நான் கட்டல. அப்ளை பண்ணிட்டு முடிவு வர்றதுக்குள்ள இந்தியா போனீங்கன்னா விண்ணப்பத்தை நீங்களே வாபஸ் வாங்கினதாக் கணக்கு. தீபாவளிக்குப் போட்ட டிக்கெட்டை கேன்சல் பண்ணினேன், அம்மா ரெண்டு நாள் பேசல. விசா கைக்கு வந்தப்புறம்தான் வேலைல சேர்ந்தேன்.

யாழ்ப் பொடியன்

நான் லெஸ்டரில. என்ர கதை வேற அக்கா. கொழும்பில விண்ணப்பிக்கேக்கையே பிளேஸ்மென்ட்டோட சேர்ந்த நாலு வருசப் படிப்புக்குத்தான் போட்டனான். கேஸிலயே அது இருந்தது, விசாவும் நாலு வருசத்துக்கும் சேர்த்துத் தந்தவை. ஆனபடியா திரும்ப விசா எடுக்கிற சோலி இல்லை. சோலி வந்தது கொம்பனிப் பக்கத்தால.

எச்ஆரில இருந்த மனுசி ஷெயார் கோட் (வேலை செய்யிற உரிமையை ஒன்லைனில காட்டுற கோட்) கேட்டவ, குடுத்தன். அவ திறந்து பாத்தா, டேர்ம் டைமில கிழமைக்கு 20 மணித்தியாலம்தான் வேலை எண்டு கிடக்கு. அடுத்த நாளே மெயில்: "உங்களை முழுநேரமா எடுக்கேலாது, சட்டப் பிரச்சினை." எனக்குக் கை கால் ஓடேல்ல. வீட்டையும் சொல்லேல்ல, அம்மா ஊரெல்லாம் சொல்லி முடிச்சிட்டா.

யூனியில இன்டர்நாஷனல் ஒஃபிஸில ஒரு அக்கா கடிதம் எழுதித் தந்தவ. இது படிப்பின்ர பகுதி, இதுக்குப் புள்ளி உண்டு, இந்தத் திகதியில இருந்து இந்தத் திகதி வரைக்கும், மொத்தக் காலத்தில பாதிக்குக் குறைவு, ஆனபடியா 20 மணித்தியாலக் கணக்குக்குள்ள வராது எண்டு. வேலை குடுக்கிறவைக்கு எண்டு ஹோம் ஒஃபிஸ் போட்டிருக்கிற வழிகாட்டியையும் சேர்த்து அனுப்பினவ. ரெண்டு நாளில எச்ஆர் ஓம் எண்டு சொல்லிட்டுது. உந்தக் கடிதத்தை அவை கேக்க முன்னமே ஷெயார் கோட்டோட சேர்த்துக் குடுத்திடுங்கோ. அந்த 20ஐப் பாத்துப் பயப்பிடாத எச்ஆரை நான் இன்னும் காணேல்ல.

இன்னொண்டு. விசா விபரம் இருக்கிற பிஆர்பி அட்டை 2024 டிசம்பரோட முடிஞ்சுது, இப்ப எல்லாம் ஒன்லைனில இருக்கிற ஈவிசாதான். இடையில பாஸ்போட் புதுப்பிச்ச ஆக்கள் யுகேவிஐ (விசாப் பகுதி) ஒன்லைன் கணக்கில புதுசை இணைச்சுப்போட்டு ஷெயார் கோட் எடுங்கோ. அந்தக் கோட் 90 நாளைக்குத்தான் செல்லும். என்ஐ (நாஷனல் இன்சூரன்ஸ்) நம்பர் வர முன்னமே வேலை தொடங்கலாம், விண்ணப்பிச்சிருந்தால் காணும். முதல் சம்பளத்தில வரி கூட வெட்டினவை, பிறகு சம்பளத்தோடயே திரும்பி வந்தது.

கொங்குக்காரி

எல்லாரும் கிடைச்ச கதையாச் சொல்றீங்க, கிடைக்காத கதையும் ஒண்ணு இருக்கட்டுங்க. நான் 2023 ஜனவரி இன்டேக். கோயமுத்தூர்ல ஏஜென்ட் ஆபீஸ்ல உக்காந்து கேட்டப்ப, ரெண்டு வருஷக் கோர்ஸ், அதுல ஒரு வருஷம் வேலை, எல்லாம் யூனிவர்சிட்டியே பாத்துக்கும்னாங்க. நம்மூர் இன்ஜினியரிங் காலேஜ் கேம்பஸ் இன்டர்வியூ மாதிரி கம்பெனிக்காரங்க வரிசைல வந்து நிப்பாங்கன்னு அப்பாவும் நம்பி வட்டிக்கு வாங்கிக் குடுத்துட்டாருங்க.

வந்து பாத்தா, வேலை தேடறது நம்ம பொறுப்பு. சிவி சரி பண்ணித் தருவாங்க, மாக் இன்டர்வியூ வைப்பாங்க, அவ்வளவுதான். எத்தனையோ கம்பெனிக்குப் போட்டேன், பாதிப்பேர் பதிலே போடலைங்க. இந்த மாதிரி படிப்போட சேர்ந்த பிளேஸ்மென்ட் ஒரு வருஷத்துக்குள்ள இருந்தா குறைந்தபட்சக் கூலி குடுக்கணும்னு இங்க சட்டமே இல்ல, தெரியுமுங்களா? ஒரு இடத்துல எடுத்துக்கறோம், சம்பளம் இல்ல, பஸ் காசு மட்டும்னாங்க. வாடகை யாருங்க குடுப்பாங்க?

பிளேஸ்மென்ட் தேடற கெடு முடிஞ்சதும் ஒரு வருஷக் கோர்ஸுக்கு மாத்திட்டாங்க. அதை யூனிவர்சிட்டி ஹோம் ஆபீஸுக்குச் சொல்லியே ஆகணும். சொன்னாங்க, விசாவைச் சுருக்கிப் புதுத் தேதி மெயில்ல வந்துச்சு. வரும்போது வருஷத்துக்கு 470 பவுண்டுன்னு கட்டின சர்சார்ஜ்ல, இல்லாமப் போன அந்த வருஷத்துக்கானது திரும்பி வரலைங்க. டீசர்டேஷன் முடிச்சு, ரிசல்ட்டை யூனிவர்சிட்டி ஹோம் ஆபீஸ் கணக்குல ஏத்தினதும், புதுத் தேதிக்குள்ள கிராஜுவேட் விசாவுக்கு (படிப்பு முடிச்சப்புறம் இங்கயே வேலை பாக்குற விசா) போட்டேன். 822 ஃபீஸ், 2,070 சர்சார்ஜ். அந்த ரெண்டு வருஷத்துலதான் வேலை கிடைச்சுது, அதுவும் நான் பிளேஸ்மென்ட்டுக்குக் கேட்டப்ப பதிலே போடாத ஒரு கம்பெனில! சிரிக்கறதா அழுகறதான்னு தெரியலைங்க.

விசா சுருக்கின மெயில் ஸ்பேம்ல போய்க் கிடந்துச்சு ஒரு ஃப்ரெண்டுக்கு. அதை மட்டும் தினம் பாத்துக்கங்க.

ரைன்கரை

யுகே திரெட்ல ஜெர்மனி ஆள் நுழையறேன், மன்னிக்கணும். இங்கயும் பாதிக் கதை இதேதான். மாணவர் அனுமதில வருஷத்துக்கு 140 முழு நாள் வேலை பாக்கலாம் (2024 மார்ச்சுக்கு முன்னாடி 120). தேர்வு விதிமுறைலயே கட்டாயம்னு போட்டிருக்குற பிராக்டிகும் (இன்டர்ன்ஷிப்) இந்தக் கணக்குல வராது. நாமளா ஆசைப்பட்டுப் பண்றது வரும். அதே கம்பெனி, அதே மேசை, ஆனா ஒரு ஆளுக்கு நாள் எண்ணணும், இன்னொரு ஆளுக்கு வேண்டாம். ஆனா கட்டாயப் பிராக்டிகும்னா குறைந்தபட்சக் கூலி பொருந்தாது, சொந்த விருப்பத்துல மூணு மாசத்துக்கு மேல பண்ணினாப் பொருந்தும். ரெண்டுலயும் நல்லதை மட்டும் பொறுக்கிக்க முடியாது. அனுமதி நீட்டிக்க டெர்மின் (அப்பாயின்ட்மென்ட்) கிடைக்காம நான் பட்ட பாட்டைத் தனித் திரெட்டாத்தான் போடணும்.

புதுவரவு

ரெண்டு சந்தேகம். பிளேஸ்மென்ட் நேரத்துல வீக்கெண்ட்ல ஃபுட் டெலிவரி ஓட்டலாமா? அப்புறம், அப்ளை பண்ணிட்டு முடிவு வர்றதுக்குள்ள பழைய விசா முடிஞ்சுட்டா நான் சட்டவிரோதமா? போன செப்டம்பர்லதான் வந்தேன், கம்பெனி ஆஃபர் கைல இருக்கு, பிளேஸ்மென்ட் சேர்த்தா 2027 செப்டம்பர்ல படிப்பு முடியும்.

பொருநை

டெலிவரி வேண்டவே வேண்டாம். அந்த ஆப்ல ஓட்டுறவங்க சுயதொழில் கணக்கு. ஸ்டூடண்ட் விசால சுயதொழில் கூடாது, வீக்கெண்ட்னாலும் லீவுன்னாலும் கூடாது. ஃப்ரெண்டோட அக்கவுண்ட்ல ஓட்டறேன்னு சொல்றவங்க பக்கமே போகாதீங்க.

ரெண்டாவதுக்குப் பயப்படாதீங்க. பழைய விசா முடியறதுக்கு முன்னாடி விண்ணப்பம் உள்ள போயிருந்தா, முடிவு வர்ற வரைக்கும் பழைய நிபந்தனைகளோட சட்டப்படி இருக்கலாம். அந்த நேரத்துல ஷெயார் கோட் வேலை செய்யலன்னா கம்பெனி ஹோம் ஆபீஸோட எம்ப்ளாயர் செக்கிங் சர்வீஸ்ல கேக்கலாம், அவங்க குடுக்குற சான்று ஆறு மாசம் செல்லும். பல எச்ஆருக்கு அப்படி ஒண்ணு இருக்குறதே தெரியாது. நீங்கதான் லிங்க் அனுப்பணும்.

நீங்க கேக்காத ஒண்ணையும் சொல்லணும் தம்பி. கிராஜுவேட் விசா 2027 ஜனவரி 1ல இருந்து விண்ணப்பிக்கிறவங்களுக்கு ரெண்டு வருஷம் இல்ல, 18 மாசம்தான், பிஎச்டிக்காரங்களைத் தவிர. பிளேஸ்மென்ட் சேர்த்தா நீங்க அந்தப் பக்கம் போயிடறீங்க. இல்லாம இந்த வருஷக் கடைசிக்குள்ள முடிச்சு, ரிசல்ட்டும் ஏறி, டிசம்பருக்குள்ள போட்டுட்டா ரெண்டு வருஷம். ஆறு மாசம் குறையுது, ஆனா கைல ஒரு வருஷ யுகே அனுபவம் இருக்கும். சம்பளம் உண்டுன்னா நான் பிளேஸ்மென்ட்டைத்தான் எடுப்பேன். கொங்குக்காரி சொன்ன மாதிரி பஸ் காசு மட்டும்னா, ஆஃபரைத் திருப்பிக் குடுத்துட்டு முதல்ல படிப்பை முடிங்க. டிபார்ட்மென்ட்ல கோர்ஸ் மாத்தறதுக்கான கடைசித் தேதி என்னன்னு நாளைக்கே போய்க் கேளுங்க, பல இடத்துல அது நீங்க நினைக்கறதைவிட முன்னாடியே முடிஞ்சுடும்.